குதிரைக்கொம்பு

பாசிக்குடா ஹோட்டலுக்கு
வைக்கிங் உடுப்பு ஒன்று தைக்க வேண்டும்.
ஓகஸ்ட் மாதம். கச்சான் வீசி
நூல்கூட முறுகுகிற வெயில்.
மனேஜர் சுகிர்தன் போனில் படம் காட்டினார்:
தோளில் கரடித்தோல், கையில் கோடரி,
தலையில் இரண்டு கொம்பு.
"கொம்புதான் முக்கியம் மாஸ்டர்,
மத்ததெல்லாம் உங்கட விருப்பம்."

சனிக்கிழமை கரையில் குதிரையோட்டம்.
நோர்வேக்காரர் முப்பது பேர்.
குதிரை ஒன்று.

கொம்புக்குக் கிரான் வரை போனேன்.
தயிர்ச்சட்டி அடுக்கின கொட்டிலின் கூரையில்
செத்த எருமையின் சோடி செருகிக் கிடந்தது.
டொறிக் பார்த்தலோட்டின் பட்டறையில்
தகரத்தில் தொப்பி அடித்து, ஆணி வைத்து இறுக்கி,
அவரே போட்டுப் பார்த்தார்.
ஒரு தரம் தலையைத் திருப்பினார்.
சுவர்க் கலண்டர் மார்ச்சிலிருந்து டிசம்பர் வரை கிழிந்தது.
"இதோட சண்டைக்குப் போனவன்
திரும்பி வந்திருக்க மாட்டான்" என்றார்.

மறுகாதான் சோல்வெய்க் வந்தாள்,
குதிரையில் ஏறப் போகிறவள்.
தொப்பியைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.
அவர்கள் கொம்பு வைத்ததாக ஒரு தடயமும் இல்லை,
பின்னாளில் யாரோ மேடைக்காக வைத்தது,
என்று என் அரைகுறை இங்கிலீசுக்கு ஏற்ற மாதிரி
மெல்லச் சொன்னாள்.
பிறகு வெட்டுப் பலகையில் என் சோக்கை எடுத்து வரைந்தாள்.
முழங்கால் வரை சட்டை.
இடுப்பிலிருந்து இறங்கும் முக்கோணத் துண்டுகள்.
கெண்டைக்காலில் சுற்றிக் கட்டும் பட்டி.

முக்கோணத்தைக் கண்டதும் விளங்கிவிட்டது.
ஆயிரம் வருசத்துக்கு முந்தி
பனிக்குள் குந்தியிருந்த ஒரு தையல்காரன்
காலை அகட்டி உட்காருகிறவனுக்கு
எவ்வளவு துணி விடவேண்டும் என்று
என்னைப் போலவே யோசித்திருக்கிறான்.

கம்பளி வேண்டுமாம்.
வாழைச்சேனையில் கம்பளி!
மருதமுனைக் கைத்தறியில் தடித்ததாய்ப் பார்த்து
பனங்கட்டி நிறத்தில் ஆறு யார் எடுத்தேன்.
கிட்டத்தட்ட, என்றேன்.
தடவிப் பார்த்துவிட்டு,
கிட்டத்தட்ட, என்றாள்.

சுகிர்தனுக்கு முகம் கறுத்துப் போயிற்று.
"என்ன மாஸ்டர், வயல்காரன்ட சட்டை மாதிரிக் கிடக்கு.
கொம்பு இல்லாட்டி
ஆர் எண்டு ஆருக்குத் தெரியும்?"

ஊசி பாதித் துளையில் நின்றது.

தொண்ணூறில், கறுவாக்கேணிச் சந்தியில்,
இறங்கு என்றார்கள்.
என் காற்சட்டையைப் பார்த்தார்கள்.
பக்கத்துக்கு ஒரு பெரிய பை.
அளவுநாடாவும் கத்தரிக்கோலும் வைக்க
நானே வெட்டித் தைத்தது.
அவர்கள் கண்ணில் அது வேறு ஆட்களின் காற்சட்டை.
எங்கோ யாரோ வரைந்து வைத்திருந்த படம்
அப்படியே என் தலையில் வந்து இறங்கியது.
மூன்றாம் நாள் கழற்றிவிட்டு அனுப்பினார்கள்.
வழி முழுக்க
நெற்றியின் இரு பக்கமும் தடவிக்கொண்டே நடந்தேன்.

இதை நான் சுகிர்தனுக்குச் சொல்லவில்லை.
"கொம்பு தனியாக் கிடக்கட்டும்" என்றேன்.
"கேக்கிற ஆளுக்குக் குடுங்க."

சனிக்கிழமை வெறுந்தலையோடு ஏறினாள் சோல்வெய்க்.
குதிரைக்குப் பேர் பிஸ்கட்.
நுவரெலியாவில் ஓடி முடித்து
முஸம்மிலிடம் வந்து சேர்ந்த கிழடு.
அலைவிளிம்பில் அது அசைந்து அசைந்து போக
முக்கோணங்கள் விரிந்து தொடையில் படிந்தன.
ஒரு தையல் பிரியவில்லை.
அதைப் பார்த்தது நான் மட்டும்.
யாரும் போனைத் தூக்கவில்லை.
ஒரு பொடியன் மட்டும் கேட்டான்,
"இந்த அக்கா எந்த ஊர் ஆள்?"

கூட்டம் கலையப் பார்க்க
முஸம்மில் தொப்பியைத் தூக்கி வந்து
பிஸ்கட்டின் காதுகளுக்கு நடுவே வைத்துக் கட்டினான்.

கரையே ஓடி வந்தது.
முப்பது நோர்வேக்காரரும் படமெடுத்தார்கள்.
சோல்வெய்க் மணலில் இருந்து
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
உலகத்தில் இல்லவே இல்லாததற்கு
நாங்கள் சொல்லுகிற பேர்
கடலைப் பார்த்து நின்று
வாலால் இலையான் விரட்டியது.

இரவு பில் எழுதினேன்.
உடுப்பு ஒன்று.
கொம்பு சோடி ஒன்று.
கொம்பு என்று எழுதவே
ஒரு கொம்பு போடவேண்டிக் கிடக்கு.

சுகிர்தன் இரண்டாவதற்கு உடனே காசு தந்தார்.
முதலாவதற்கு
அடுத்த மாதம் பார்ப்பம் என்றார்.